மறுப்பும் சேகரிப்பும்

1

சென்ற ஐப்பசி மழைக்கு எங்கள் வீட்டுப் பரண் ஒழுகிற்று. உப்பளத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. சுவரில் இருப்பதற்குக் கேட்பானேன். பரணிலிருந்து இறக்கிய சாமான்களில் மாமாவின் இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்று. முப்பது, நாற்பது தட்டுகள் இருக்கும். தலிதா, என்ரிக்கோ மாசியாஸ், சௌந்தரராஜனின் முருகன் பாட்டுகள், சீர்காழி. இவர்களுக்கு நடுவே, சம்பந்தா சம்பந்தமில்லாமல், 1985இல் பாரிஸில் வெளியான ஒரு தட்டு. 'கோன்சேர்த்தோ பூர் தேத்ராக்கே' என்று பெயர். புத்தி பிசகியவர்களுக்கான கச்சேரி என்று தமிழில் சொல்லலாம். வாசித்தவர்கள் பெரூரியே நுவார் என்ற பங்க் கோஷ்டி.

உறையின் ஓரம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. தட்டுக்குச் சேதம் இல்லை. துடைத்து நிழலில் உலர்த்தி, இருபது வருஷங்களுக்குப் பிறகு, மறுபடி கேட்டேன். அதிலிருந்து கிளம்பியது இந்தக் கட்டுரை. இது இசை விமர்சனம் அல்ல. அதற்கு வேண்டிய காது எனக்கில்லை. ஒருவனுடைய கோபத்தை இன்னொருவன் தன் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளலாமா, வைத்துக்கொண்டால் அதற்கு ஏதாவது வாடகை உண்டா என்பதுதான் என் பிரச்னை.

மாமா என்பது அத்தையின் கணவர். சொல்தா வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் சண்டை போட்டவர். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களில் ஒன்று. மாமா வேலைக்குப் போய்க் குடியேறியது பாரிஸுக்கு வடக்கே சார்செல் என்ற புறநகரில். நம் ஊர் ஜனங்கள் நிறையப் பேர் வாழும் இடம். 2005இல் பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்கு மாறியபோது, தட்டுகளையும் தட்டு ஓட்டும் பெட்டியையும் சுமந்துகொண்டு உப்பளம் வந்தார். "மாப்ளே, நீதான் பிரெஞ்சு படிச்சவன், வச்சுக்க" என்றார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எனக்கு இரண்டாம் மொழி. அந்த அரைகுறை ஞானத்துக்குக் கிடைத்த சன்மானம் அது.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பி.ஏ. ஆங்கிலம் முதல் வருஷம். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் இந்தத் தட்டைப் போட்டுக் கேட்பேன். பாதி வார்த்தைகள் புரியாது. புரியாத பாதியை நானே நிரப்பிக்கொண்டேன். அந்தக் கோபம் என்னுடையது என்று முழுக்க நம்பினேன். அதற்கான காரணங்கள் எனக்கு இருந்தனவா என்று கேட்டுக்கொள்ளவில்லை. காரணம் இல்லாத கோபத்துக்குப் பதினெட்டு வயதில் உரிமை உண்டு என்றே இப்போதும் நினைக்கிறேன். இன்னும் ஆறு வருஷத்தில் வங்கி வேலை கிடைத்தது. தட்டு பரணுக்குப் போயிற்று. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

2

ஹார்ட்கோர் பங்க் என்று கறாராகப் பேசுகிறவர்கள் பெரூரியே நுவாரை அந்தக் கணக்கில் சேர்க்கத் தயங்குவார்கள். ஹார்ட்கோர் அமெரிக்கச் சரக்கு. 1980ஐ ஒட்டி அங்கே சில நகரங்களில் பையன்கள் பங்க் இசையின் வேகத்தை இரட்டித்து, பாட்டை ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷமாகச் சுருக்கி, ராகம் என்ற சொல்லுக்கே இடமில்லாமல் கத்தினார்கள். பெரிய கம்பெனிகள் தங்களை எடுத்துக்கொள்ளாது என்பது தெரிந்திருந்ததால் தாங்களே தட்டுப் போட்டார்கள். வாஷிங்டனில் 1980இல் ஆரம்பித்த டிஸ்கார்ட் என்ற கம்பெனியின் முதல் தட்டுகளுக்கு உறையை அந்தப் பையன்களே வெட்டி மடித்து ஒட்டினார்கள். அதே வட்டத்திலிருந்து 1987இல் கிளம்பிய ஃபுகாஸி என்ற கோஷ்டி, கூட்டம் பெருகிய பிறகும், நுழைவுக் கட்டணம் ஐந்து டாலர் என்பதைப் பிடிவாதமாகக் காப்பாற்ற முயன்றது. இசையை வைத்துப் பார்த்தால் பாரிஸ்காரர்கள் வேறு ஜாதி. தொழிலை நடத்திய விதத்தை வைத்துப் பார்த்தால் சகோதரர்கள்.

பெரூரியே நுவாரின் பிறப்பே விசித்திரம். முதலில் இருந்த கோஷ்டி கலைந்துவிட்டது. 1983 பிப்ரவரியில், பாரிஸில் இளைஞர்கள் அத்துமீறிக் குடியேறியிருந்த ஒரு பழைய தொழிற்சாலையில், விடைபெறும் கச்சேரி ஒன்று வைத்தார்கள். மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: பாடுகிற ஃப்ரான்ஸ்வா, கிதார் வாசிக்கிற லோரான். பழைய பெயரோடு துக்கத்துக்காகக் கறுப்பு என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். தாளம் போட ஆள் இல்லை. தாள யந்திரம் ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். கருமாதிக்குக் கூடிய கூட்டம் இன்னும் வேண்டும் என்றது. முடிவு ஆரம்பமாகிவிட்டது. யந்திரத்துக்கு 'தேதே' என்று செல்லப் பெயர் வைத்து அதையும் ஓர் அங்கத்தினராகவே நடத்தினார்கள்.

இந்தத் தட்டில் எனக்கு இன்று முக்கியமாகப் படுவது அந்த யந்திரம்தான். தாளக்காரன் மனுஷன்; களைப்பான், உற்சாகத்தில் ஓடுவான், பாடகனைப் பார்த்துக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பான். யந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது. பட்டறைச் சம்மட்டி போல ஒரே அடி. அதன் மேல் கிதார் அறுக்கிறது. அதற்கும் மேலே ஒரு குரல், தெருவில் கூட்டத்தின் முன்னால் நின்று கத்துகிறவனின் குரல். பாட்டுகளில் வரும் ஜனங்கள் மனநோய் விடுதியில் அடைபட்டவர்கள், குழந்தைகள், புறநகர் அடுக்கு வீடுகளின் பையன்கள். இவர்களை அடைத்து வைத்திருக்கிற ஒழுங்கின் சத்தமாக அந்த யந்திரம் கேட்கிறது. குரல் அதை எதிர்த்துத் திமிறுகிறது. ஆனால் அது இல்லாமல் பாட்டு நிற்காது. தாளக்காரன் கிடைக்காத குறை, இப்படி, சொல்ல வந்த விஷயத்தின் வடிவமாகவே மாறிவிட்டது. நல்ல தாளக்காரன் கிடைத்திருந்தால் இது இன்னொரு சாதாரண பங்க் தட்டாகப் போயிருக்கும்.

இதை நம் சிறு பத்திரிகைகளோடு சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நமக்கும் தாளக்காரன் கிடைத்ததில்லை. காகிதம், அச்சுக்கூலி, வாசகன், விற்பனையாளன் எதுவுமே கிடைத்ததில்லை. இந்த இல்லாமைகளில் எத்தனை நம்மிடம் வடிவமாக மாறின, எத்தனை வெறும் இல்லாமையாகவே நின்றுவிட்டன?

1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்தபோது இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. அந்த எல்லையைத் தொடும் தொல்லை அவருக்குக் கடைசி வரை வரவில்லை. இதைச் சொல்லி நம்மில் சிலர் சிரிப்பதுண்டு. சிரிக்க வேண்டிய விஷயமல்ல. வராத கூட்டத்துக்குக் கதவை அடைத்தது அபத்தம் போலத் தெரியலாம்; ஆனால் கூட்டம் வந்தால் என்ன செய்வேன் என்பதை ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வைத்தார். வந்துவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவனின் சிறுமை வேறு, வந்தாலும் இவ்வளவுதான் என்றவரின் சிறுமை வேறு. முதலாவது காத்திருப்பு, இரண்டாவதுதான் மறுப்பு.

அவருக்குப் பின்னால் வந்த நாம் இந்த வித்தியாசத்தைச் சௌகரியமாக மறந்துவிட்டோம் என்பது என் கட்சி. முந்நூறு பிரதி அச்சடித்து நூறு பிரதியை அலமாரியில் வைத்திருப்பது நம் தேர்வா, தோல்வியா? தோல்வி என்று ஒப்புக்கொண்டால் அதில் ஒரு கௌரவம் உண்டு. தேர்வு என்று சாதிப்பதானால், யார் எதைக் கொடுக்க வந்தபோது நாம் வேண்டாம் என்றோம் என்று சொல்லியாக வேண்டும். கொடுக்க வராதவனிடம் வேண்டாம் என்று சொன்னதாகக் கணக்கு எழுதுவது, வங்கிப் பாஷையில், பொய் வரவு.

அறியப்படாமை பற்றியும் நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. யாருக்கும் தெரியாதது என்றால் உயர்ந்தது என்று. இந்தத் தட்டைப் பற்றிச் சொல்லும்போது நண்பர்கள் முகத்தில் ஒரு மரியாதை படர்வதைப் பார்க்கிறேன். பாரிஸில், அந்தத் தலைமுறையில், இவர்களைத் தெரியாதவர்களைத் தேடத்தான் வேண்டும். உப்பளத்தில் எனக்கு மட்டும் தெரியும் என்பதால் இது அரிய பொருளாகிவிட்டது. அறியப்படாமை பொருளின் குணமல்ல, தூரத்தின் குணம். தூரத்தை ரசனை என்று எண்ணி நான் இருபது வருஷம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

3

இனிச் சொல்லப்போவது எனக்கு அவ்வளவு கௌரவமான விஷயமில்லை.

நவம்பர் மாதம் வங்கிகளில் ஓய்வூதியக்காரர்களின் மாதம். தாங்கள் உயிரோடு இருப்பதை அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். உயிர்வாழ் சான்று என்று அதற்குப் பெயர். முன்பெல்லாம் காகிதப் படிவம். எழுத்தர் எதிரில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்தால் முடிந்தது. 2014இல் ஜீவன் பிரமாண் என்ற கணினி முறை வந்தது. பெட்டியில் விரலை வைத்தால், ஆதார் ரேகையோடு ஒத்துப்போனால், உயிரோடிருப்பது நிச்சயமாகிவிடும். காகித முறையும் ஒழிக்கப்படவில்லை. ஆனால் எந்தக் கிளையிலும் மேலிடத்துக்குக் கணினிக் கணக்குத்தான் இனிக்கும். காகிதம் கேட்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்பது வாய்மொழி ஏற்பாடு. கேட்கத் தெரிந்தவர்களுக்கு என்று அர்த்தம்.

தட்டை மறுபடி கேட்க ஆரம்பித்திருந்த அதே வாரங்கள். ஒரு கிழவர் வந்தார். துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விரலை வைத்தார், யந்திரம் ஒப்பவில்லை. மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தோம். ஒன்பது விரல்களும் ஒப்பவில்லை. பத்தாவது பாதிதான் இருந்தது. முப்பது வருஷம் வாரிக் கொட்டிய கையில் ரேகை எங்கே மிஞ்சும்? "எண்ணெய் தடவிக்கிட்டு நாளைக்கு வாங்க" என்றேன். மறுநாள் வந்தார். கை வழவழவென்று இருந்தது. ஒப்பவில்லை. வரிசை வாசல் வரை நின்றது. "சர்வர் சரியில்லை, திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றேன். அது பொய். திங்கட்கிழமை நல்ல மழை. நனைந்துகொண்டு வந்து நின்றார். நான் மூன்றாவது முறையாக விரலை வைக்கச் சொன்னேன்.

காகிதப் படிவம் என் இடது கைப்பக்கத்து இழுப்பறையில் இருந்தது. அது எனக்கு மூன்று நாளும் தெரியும்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி. பதவியில் எனக்குச் சமம், வயதில் மூத்தவர். இலக்கியம் வாசிப்பவரல்ல, சாப்பாட்டு வேளையில் கைப்பேசியில் பழைய சினிமாப் பாட்டு கேட்பார். அவர் எழுந்து வந்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. குனிந்து என் இழுப்பறையைத் திறந்தார். படிவத்தை எடுத்து, "உட்காருங்கய்யா" என்று கிழவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பூர்த்தி செய்தார். மை தொட்டுப் பெருவிரலை ஒற்றி வாங்கிக்கொண்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "போய்ட்டு வாங்கய்யா, அடுத்த வருஷம் வந்தா நேரா எங்கிட்ட வாங்க" என்றார். கிழவர் இருவரையும் பார்த்துக் கும்பிட்டார். என்னையும் சேர்த்துக் கும்பிட்டதுதான் பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் தட்டைப் போட்டேன். யந்திரம் அடிக்க ஆரம்பித்தது. அடைத்து வைக்கிறவர்களையும், முத்திரை குத்துகிறவர்களையும், வரிசையில் நிறுத்துகிறவர்களையும் பார்த்து அந்தக் குரல் கத்திற்று. பதினெட்டு வயதில் நான் அந்தக் குரலின் பக்கம் நின்று கேட்டேன். இப்போது நான் எங்கே நிற்கிறேன் என்று யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் பக்கம் முடிவதற்குள் ஊசியைத் தூக்கிவிட்டேன்.

கலை மனிதனை மேம்படுத்தும் என்ற பழைய வாதத்தை நான் என்றுமே நம்பியதில்லை. பல நூறு கட்டுரைகளில் அடித்து முடித்த பாம்பு அது. நான் நம்பியது அதைவிட நாகரிகமானது: கலை பிரக்ஞையைக் கூர்மையாக்கும், கூர்மையான பிரக்ஞை தவறு செய்யும்போது குறைந்தபட்சம் உறுத்தும் என்று. அந்தத் திங்கட்கிழமை அதுவும் பொய்த்தது. உறுத்தல் சாயங்காலம்தான் வந்தது, அதுவும் தட்டைப் போட்ட பிறகு. வேண்டிய நேரத்தில் வரவில்லை. அதைவிட மோசம், அந்த உறுத்தலில் எனக்கு ஒரு ருசி இருந்தது. நல்ல அனுபவம் ஒன்று கிடைத்துவிட்டது, எழுதலாம் என்று ஒரு மூலையில் தோன்றிற்று. இதோ எழுதிக்கொண்டும் இருக்கிறேன்.

அந்தப் பெண்மணிக்கு இந்தச் சுற்றுவழி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கிழவர் நனைந்து நின்றார், இழுப்பறையில் காகிதம் இருந்தது, எடுத்துக் கொடுத்தார். என் வாதத்துக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். கோபத்தைச் சேகரித்து வைத்திருந்தவன் நான். கோபமே படாமல் மறுத்தவர் அவர்.

4

பெரூரியே நுவாரின் மிச்சக் கதையையும் பார்த்துவிடுவோம். நம் கேள்விக்கு அது உதவும்.

அவர்கள் வளர்ந்தார்கள். சின்ன இடங்களில் ஆரம்பித்த கூட்டம் பெரிய அரங்குகளுக்குப் பெருகிற்று. பெருகியபோது நிறுத்திவிட முடிவு செய்தார்கள். 1989 நவம்பர் 9, 10, 11 மூன்று இரவுகள் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் கடைசிக் கச்சேரி. முதல் இரவன்றுதான் பெர்லின் சுவர் திறந்தது. அந்த அரங்கில் பாடியவர்களில் எத்தனையோ பேருக்கு ஒலிம்பியா என்பது வந்து சேர்ந்துவிட்டதன் அடையாளம். இவர்கள் வந்து சேர்ந்த இடத்திலேயே கடையைக் கட்டினார்கள். இதைத்தான் நான் இளவயதில் மிகவும் போற்றினேன். பெரிதாகிவிட்டோம், போதும், என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2003இல் மறுபடி சேர்ந்தார்கள். சில வருஷங்கள் வாசித்துவிட்டு மறுபடி கலைந்தார்கள். பாடகர் ஃப்ரான்ஸ்வா கிய்மோ இடையில் வியத்நாம் வரலாற்று ஆராய்ச்சியாளராகிவிட்டிருந்தார். (மாமாவின் அப்பா துப்பாக்கியோடு போன தேசத்துக்கு அவர் குறிப்பேட்டோடு போயிருக்கிறார்.) 2021இல் அவரும் சாக்ஸபோன் வாசித்த மாஸ்தோவும் கோஷ்டியின் காகிதங்கள், துண்டுப் பிரசுரங்கள், முகமூடிகள் முதலியவற்றைப் பிரான்ஸ் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார்கள். 2024 வசந்தத்தில் நூலகம் அவற்றைக் கண்காட்சியாக வைத்தது. இன்னும் சாகவில்லை என்ற பொருளில் அதற்குப் பெயர்.

அரசாங்கத்தைத் திட்டியவர்களின் காகிதங்களை அரசாங்கத்தின் நூலகமே கண்ணாடிக்குள் வைத்துவிட்டது. துரோகம் என்று சொல்லிவிடுவது சுலபம். கலகத்தை அரசு விழுங்கி ஜீரணித்துவிட்டது என்று நாலு பக்கம் எழுதலாம். அந்தக் கட்டுரை எனக்குத் தூக்கத்திலும் எழுத வரும். ஆனால் மாற்று என்ன? உப்பளத்துப் பரணில் பூஞ்சை தின்ன விடுவதா? தனியார் சேகரிப்பாளன் ஒருவன் வாங்கி விலை ஏற்றி விற்பதா? நம் சிறு பத்திரிகைகளில் எத்தனை கறையான் வாயில் போயின என்று தெரிந்த எவனும், ஒரு நூலகம் இவற்றைக் காப்பாற்றியதற்காக மூக்கைச் சுளிக்க மாட்டான்.

அதற்காக, காப்பாற்றியதும் உயிரோடிருப்பதும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. நூலகம் ஒரு விஷயத்தைத்தான் நிரூபிக்க முடியும்: இப்படி ஒன்று இருந்தது என்று. இன்னும் இருக்கிறது என்பதை நிரூபிக்க அந்தக் கிழவரைப் போல நேரில் வந்து நிற்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும். போன வருஷத்துச் சான்று இந்த வருஷத்துக்குச் செல்லாது. இந்த விதியை வைத்த குமாஸ்தா யாரோ, தன்னை அறியாமல் ஒரு நல்ல தத்துவம் சொல்லியிருக்கிறான். மறுப்புக்கும் இது பொருந்தும். 1989இல் மறுத்தவன் என்பது 2003க்குச் செல்லுபடியாகாது. 1959இல் ஒரு பெரியவர் போட்ட எல்லை, அவருடைய வாரிசு என்று சொல்லிக்கொள்கிற நமக்கு இன்று எந்தச் சான்றும் ஆகாது. எனக்குப் பதினெட்டு வயதில் இருந்த கோபத்தைக் காட்டி நான் முப்பத்தெட்டு வயதில் சம்பளத்தோடு சேர்த்து இன்னொரு தொகையும் வாங்கிக்கொண்டிருந்தேன்: நான் மற்றவர்களைப் போன்றவனல்ல என்ற எண்ணம். செத்துப் போனவர் பெயரில் யாரோ ஓய்வூதியம் வாங்குவதைப் போல.

என் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அதன் பலனாக எட்டு மணி நேர வேலை வந்தது. வருஷாவருஷம் அந்தத் தேதியில் மாலை போடுகிறார்கள். போராட்டம் நடந்த ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. மாலை போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த எட்டு மணி நேரத்தைத் தாண்டி இன்று என் கிளையில் தற்காலிக ஊழியராக இருக்கிற பையன் உட்கார்ந்திருக்கும்போது, மணியைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிற நான், அந்த மாலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதே கேள்வி.

5

இந்தக் கட்டுரையை முடிக்க வழி தெரியாமல் இருந்தபோது மாமாவுக்குப் போன் செய்தேன். எழுபத்தைந்து வயது. சார்செலிலேயே இருக்கிறார். அந்தத் தட்டு எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்டேன். இருபது வருஷமாக நான் கேட்காத கேள்வி. அவர் வாங்கியதாகத்தான் நினைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஒரு கலகக்காரர் இருந்ததாக ஒரு கற்பனை.

"நானா வாங்கினேன்? மேல் மாடியில ஒரு பையன் இருந்தான் மாப்ளே. தலைய ஒரு பக்கம் சிரைச்சுக்கிட்டு, பெரிய பூட்ஸ் போட்டுக்கிட்டு. அவனைப் பார்த்தா உங்க அத்தைக்குப் பயம். எனக்கும்தான். அப்ப அவங்கள்ல ரெண்டு கூட்டம் உண்டாம், நம்மளை மாதிரி ஆளுங்களை அடிக்கிற கூட்டம் ஒண்ணு, அவங்களை எதிர்க்கிற கூட்டம் ஒண்ணு. ரெண்டும் பூட்ஸ்தான் போடும். நமக்கு எங்க வித்தியாசம் தெரியுது? படியில வந்தான்னா நான் ஒதுங்கிக்குவேன். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறப்ப கதவைத் தட்டி இதைக் கையில கொடுத்தான். என்னமோ சொன்னான். மெர்ஸின்னு சொல்லி வாங்கி வச்சேன். ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கலை."

1984இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் லெ பென்னின் தேசிய முன்னணி நூற்றுக்குப் பதினொன்றை ஒட்டி வாக்கு வாங்கியது. அடுத்த வருஷம் வந்த தட்டு இது. இதிலுள்ள 'போர்ஷ்ரி', அதாவது பன்றித் தொழுவம், என்ற பாட்டோடு சேர்த்து அந்தக் கட்சிக்கு எதிரான ஒரு கோஷம் பின்னால் மேடைகளில் கிளம்பி, தெருவுக்குப் போய், 2002இல் லெ பென் இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது ஊர்வலங்களில் ஒலித்தது. யாருக்காக அந்தப் பாட்டு? மாமாவுக்காகத்தான், அவரைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்காக. அவர் அதைக் கேட்டதே இல்லை. பாடுகிறவர்களின் சாயலைப் பார்த்துப் படியில் ஒதுங்கினார். அந்தப் பயத்தில் தவறும் இல்லை. பூட்ஸைப் பார்த்து உள்ளே இருக்கும் மனசை ஊகிக்கிற ஆபத்தை அவர் ஏன் மேற்கொள்ள வேண்டும்?

நாமும் உழைக்கிறவனைப் பற்றிக் கவிதை எழுதுகிறோம். அவன் படிப்பதில்லை என்று வருத்தப்படுகிறோம். சில சமயம் அதில் ஒரு பெருமையும் படுகிறோம். அவன் நம்மைப் பார்த்து ஒதுங்குகிறானோ என்று யோசித்திருக்கிறோமா? நம் பாஷைதான் நம் பூட்ஸ் என்று எனக்கு இப்போது படுகிறது. அதைக் கழற்றிவிட வேண்டும், எளிமையாக எழுத வேண்டும் என்று உபதேசம் செய்ய வரவில்லை. அந்த மேல்மாடிப் பையன் பூட்ஸைக் கழற்றவில்லை. ஆனால் போவதற்கு முன் கதவைத் தட்டினான். தனக்கு ஒசத்தி என்று தோன்றியதை, தன்னைப் பார்த்துப் பயந்த ஒரு மனிதரின் கையில் கொடுத்தான். அவர் கேட்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்தத் தட்டின் வாழ்க்கையில் அதன் பேச்சுக்குத் தகுந்த மாதிரி நடந்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் நான் செய்தது: வைத்திருந்தது.

வாடகை உண்டா என்று ஆரம்பத்தில் கேட்டேன். உண்டு. எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டுரை எழுதிக் கழித்துக்கொள்ளக்கூடியதல்ல என்பது மட்டும் தெரிகிறது.

"அதை வித்துடாதே மாப்ளே" என்றார் மாமா, வைப்பதற்கு முன். "இப்ப அதுக்கெல்லாம் விலை இருக்குன்னு என் பொண்ணு சொன்னா. இருந்தாலும் அவன் கொடுத்தது." விற்கப் போவதில்லை. பரணுக்கும் திரும்ப அனுப்பவில்லை. கூடத்தில் அலமாரி மேல் இருக்கிறது. கேட்கும்போது இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்கிறேன்.

நவம்பர் வருகிறது. காகிதப் படிவங்களை இழுப்பறையிலிருந்து எடுத்து, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கிழவர் வந்தால் நேராக அவரிடம்தான் போவார். அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.